ஆன்லைனில் வாங்கும் கேமிங் பிசி: கிராபிக்ஸ் கார்டும் யுபிஎஸ்ஸும் மட்டும் பாக்கி, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1440பி ரெசல்யூஷன், 165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒரு பிசி ஆர்டர் செய்யப் போகிறேன். கடையே அசெம்பிள் செய்து சென்னைக்கு அனுப்பும். ரைசன் 5 7600, பி650எம் மதர்போர்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, முன்பக்கம் வலை வைத்த கேபினெட் வரை முடிவாகிவிட்டது. ராம் டிடிஆர்5 6000, 16 ஜிபி இரண்டு. 8 ஜிபி நான்கு வேண்டாம். நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் அந்த வேகம் பெரும்பாலும் நிலைக்காது.

கார்டுதான் குழப்பம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபியா, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியா? 1440பியில் டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் பட நுணுக்கம்) கூட்டினால் கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி, மீதி ராமுக்குப் போய் கேம் திக்கும். அதனால் மனசு 16 பக்கம்தான் சாய்கிறது. மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில் 9060 எக்ஸ்டியை ஓட்டுபவர்கள் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) சூடு எவ்வளவு என்று சொன்னால் பெரிய உதவி.

அடுத்து கரண்ட். எஸ்எம்பிஎஸ் (பிசியின் பவர் சப்ளை) 650 வாட் கோல்டு, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ளது. சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். பேட்டரியில் ஓடும்போது அது தரும் சதுர அலையில் இவ்வகை எஸ்எம்பிஎஸ் சில நேரம் அணைந்தும்விடும். சைன் வேவ் (வீட்டு கரண்ட் போன்ற சீரான அலை) இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் (பேட்டரிக்கு வேகமாக மாறும் அமைப்பு) வைத்து கேமிங் பிசி ஓட்டுபவர்கள் யாராவது உண்டா? கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறதா? இல்லையென்றால், ரிச்சி தெருவில் 1 கேவிஏ சைன் வேவ் யுபிஎஸ் என்ன விலைக்குக் கிடைக்கிறது?