சிரட்டைத் தண்ணீர் விளையாட்டு: தோற்றவர்களை என்ன செய்வது?

பறளியாற்றங்கரை:

குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் நடுவே, ரப்பர் தோட்டங்களுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். ஓணம் விடுமுறையில் படிப்பகத்தின் ஆண்டுவிழா வருகிறது. வருடா வருடம் அதே மெதுசைக்கிள், அதே கரண்டி எலுமிச்சை, அதே உறியடி. பரிசு வாங்குகிற முகங்களும் மாறுவதில்லை. ஒரு வீட்டில் நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கிக் கடையே போடலாம்.

இந்த முறை புதிதாக ஒன்றை நாங்களே உருவாக்க நினைக்கிறேன். ‘யோஹான் செபாஸ்டியன் ஜௌஸ்ட்’ என்ற விளையாட்டைப் பற்றிப் படித்ததில் வந்த யோசனை. கோபன்ஹேகனைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியது, 2014-ல் பிளேஸ்டேஷனுக்கு விற்பனைக்கு வந்தது. வீடியோ கேம்தான், ஆனால் திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆளுக்கொரு ஒளிரும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசை மெதுவாக ஒலிக்கும்போது கருவி லேசாகக் குலுங்கினாலே ஆட்டம் போய்விடும். இசை வேகமெடுத்தால் கொஞ்சம் ஓடலாம். உங்கள் கருவி குலுங்காமல் அடுத்தவர் கருவியைக் குலுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கருவிகளுக்கு எங்களிடம் பணம் இல்லை. எனவே தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர். கண் இல்லாத பாதியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டோம், மற்றது ஒழுகும். பாக்கின் இசைக்குப் பதில் சிங்காரி மேளம்.

பையன்களை வைத்து ஒத்திகை பார்த்தோம். மூன்று இடங்களில் முட்டுகிறது. தண்ணீர் சிந்தியவர்கள் வெளியே போய்ச் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள். யார் சிந்தியது என்பதில் ஓயாத வாக்குவாதம். பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், மதிலோரம் நின்று பார்க்கிறார்களே தவிர உள்ளே வருவதில்லை. என்ன செய்யலாம்?

முட்டத்துக்காற்று:

எல்லோரிடமும் போன் இருக்கிறதே. அசைவை அறியும் உணரி ஸ்மார்ட்போன்களில் உண்டு. சின்னதாகச் செயலி எழுதினால் குலுங்கியதும் சத்தம் போடும், வாக்குவாதம் தீர்ந்தது. எங்கள் ஊரில் சிரட்டையோடு கடற்கரையில் நின்றால் ஆடிமாதக் காற்றே எல்லோரையும் தோற்கடித்துவிடும்.

பறளியாற்றங்கரை:

யோசித்தேன். ஒருவர் கையை இன்னொருவர் தட்டுகிற விளையாட்டில், சரல் மண் முற்றத்தில், சொந்தப் போனை யார் நீட்டுவார்கள்? உடைந்தால் எனக்குத்தான் பில் வரும். சிரட்டை உடைந்தால் அடுப்புக்கு ஆகும்.

ஓய்வுபெற்ற விசில்:

மக்களே, நான் மார்த்தாண்டம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். சிந்தியவரை வெளியேற்றாதீர்கள். முற்றத்தின் இரு முனையிலும் குடம் வைத்து, காலியானவர் நிரப்பிக்கொண்டு திரும்பி வரட்டும். கிளியந்தட்டு ஆட்டத்தில் கோடுகளைக் காக்கிறவர்கள் நிற்பதைப் போல, நடுவே கோடு போட்டு இரண்டு பேரை நிறுத்துங்கள். அவர்களைத் தாண்டித் தண்ணீரை எதிர்க் குடத்தில் சேர்க்க வேண்டும். கடைசியில் அளந்தால் யார் வென்றார்கள் என்று தெரிந்துவிடும். நடுவர் கட்டாயம் வேண்டும். விசில் இல்லாமல் விளையாட்டு இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. மெதுவாக, சீராக நடந்தால் அதிகம் சிந்தாது. அவசரப்பட்டால்தான் சிந்தும். கோப்பையளவு பாத்திரத்தில் தண்ணீர் தானாக ஆடுவது நொடிக்கு ஏறத்தாழ மூன்று தடவை. அவசரமாக நடக்கிறவரின் காலடி அதை நெருங்கும், அப்போது அலை பெரிதாகும். காப்பிக் கோப்பையை வைத்து இதை ஆராய்ந்த கலிபோர்னியாக்காரர்களுக்கு 2012-ல், சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசே கொடுத்தார்கள். எனவே இளவட்டங்களுக்கு விளிம்புவரை ஊற்றுங்கள், வயதானவர்களுக்கு இரண்டு விரல் குறைத்து ஊற்றுங்கள்.

வடசேரிப்பையன்:

பெங்களூரில் கேம் வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். டீச்சர் சொன்ன குடமும் அளவு குறைப்பும் அருமை. ஆனால் நடுவர் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அண்ணா, ஜௌஸ்ட் செய்த டக்ளஸ் வில்சனும் நண்பர்களும் 2010-ல் ‘பட்டன்’ என்று ஒன்று வெளியிட்டார்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டு இத்தனை அடி பின்னால் போ என்று திரை சொல்லும். யாராவது போகாமல் நின்றால் அதைக் கண்டுபிடிக்கக் கணினிக்கு வழியே கிடையாது. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது, சட்டையைப் பிடித்து இழுப்பது, கத்துவது எல்லாம் ஆட்டத்தில் சேர்த்தி. உங்கள் வாக்குவாதத்தை எதற்கு ஒழிக்க வேண்டும்? அதை மதிலோரம் நிற்கிறவர்களிடம் கொடுங்கள். சிந்தியதா இல்லையா என்று அவர்கள் கத்தட்டும், யார் சத்தம் பெரிதோ அதுவே தீர்ப்பு. நம் ஊரில் தீர்ப்புச் சொல்லப் பிடிக்காத ஆள் உண்டா? வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. பத்து நிமிடம் தீர்ப்புச் சொன்னவர் பதினோராவது நிமிடம், ‘இப்படியா பிடிப்பது, கொண்டா இங்கே’ என்று இறங்கிவிடுவார்.

1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவர்ட் பிராண்ட் என்ற அமெரிக்கர் ஆள் உயரப் பந்துக்குப் பூமியைப் போல வண்ணம் பூசிக் கூட்டத்தில் உருட்டிவிட்டார். இரண்டு பக்கமும் தள்ளினார்கள். ஒரு பக்கம் ஜெயிக்கப் போகிறது என்று தெரிந்ததும், அந்தப் பக்கத்து ஆட்களே சிலர் எதிர்ப்பக்கம் போய்த் தள்ள ஆரம்பித்தார்களாம், ஆட்டம் முடிந்துவிடக் கூடாதே என்று. உங்கள் விளையாட்டிலும் நடுவில் கட்சி மாறலாம் என்று விதி வையுங்கள். வாளி வாங்கும் வீட்டுக்காரர்கள் குழம்பிப் போவார்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரில் பால் வெட்டுகிற அக்காமார் எத்தனை பேர்? விடியற்காலையில் சரிவில் ஏறி இறங்கி, ரப்பர் பால் நிறைந்த வாளியைச் சிந்தாமல் கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தானே. அவர்களில் ஒருவரை முதலில் இறக்கிப் பாருங்கள். கபடி பையன்கள் அவரிடம் நிற்க முடியாது.

ஓய்வுபெற்ற விசில்:

சத்தம் பெரிதாக இருப்பவர் சொல்வதே தீர்ப்பு என்றால் என் நாத்தனார் மட்டுமே ஜெயிப்பார். இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம். அடிதடி வந்தால் விசில் என் பையில் இருக்கும்.

பறளியாற்றங்கரை:

நேற்று மாலை முற்றத்தில் மறுபடி வைத்துப் பார்த்தோம். நடுவர் இல்லை, இரண்டு குடம், கட்சி மாறலாம். பால் வெட்டுக்குப் போகிற ஒரு அக்கா, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் தட்டாமல் கூட்டத்துக்குள் நேராக நடந்து போய்க் குடத்தில் ஊற்றிவிட்டு வந்தார். பையன்கள் வழிமறித்தபோது நின்றார். அவர்கள் பாய்ந்தபோது அவர்கள் தண்ணீர்தான் கொட்டியது. மதிலோரம் இருந்த கூச்சல் பள்ளிக்கூட முக்குவரை கேட்டிருக்கிறது.

மேளத்தில் ஒரு புதிய சிக்கல் வந்தது. திடீரென்று அடியை நிறுத்தினால் எல்லோரும் சட்டென்று நிற்கிறார்கள், பாதிச் சிரட்டை காலி. மேளக்காரர் இந்த அதிகாரத்தை ருசி கண்டுவிட்டார். தனக்குப் பிடிக்காத பையன் குடத்தை நெருங்கும்போதெல்லாம் நிறுத்துகிறார். வடசேரித் தம்பியின் கணக்குப்படி இதையும் விட்டுவிடுவதா?

வடசேரிப்பையன்:

விட்டுவிடுங்கள், அண்ணா. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் அவரிடம் லஞ்சம் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம் போதும்.

பறளியாற்றங்கரை:

செயற்குழுவில் பேசினேன். சிப்ஸ் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பொருளாளர் கேட்கிறார். பரிசு வாளி இந்த வருடம் ஒன்றுதான், தண்ணீர் ஊற்றுவதற்கு.