கணினி மாறியதால் பழைய பாடல்களில் பிளகின்கள் காணவில்லை: என்னிடம் இருப்பவற்றைப் பட்டியலிடுவது எப்படி? (அவசரம்)

அரியாங்குப்பம் ஒலிக்கூடம் | புதுச்சேரி | திங்கள், இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கு முன்பாக ஆறு பக்திப் பாடல்களை முடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் கணினி நின்றுபோனதால் புதியது வாங்கினேன். இப்போது எந்தப் பாடலைத் திறந்தாலும் பிளகின்கள் (பதிவு மென்பொருளோடு இணைந்து ஒலியை மாற்றும் அல்லது உருவாக்கும் துணை மென்பொருள்கள்) கிடைக்கவில்லை என்று நீண்ட பட்டியல் வருகிறது. ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்தவை, நானூறுக்குக் குறையாது. எதை விலை கொடுத்து வாங்கினேன், எதை இலவசமாக இறக்கினேன், எதன் உரிமம் எந்த மின்னஞ்சலுக்கு வந்தது என்று எதுவும் நினைவில் இல்லை. இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பட்டியலிட வழியிருந்தால் சொல்லுங்கள். மிகவும் அவசரம்.

கெடிலக்கரை | கடலூர் | திங்கள், இரவு 11.05

வணக்கம் தம்பி. எந்த மென்பொருளில் பதிவு செய்கிறீர்கள், விண்டோஸா மேக்கா, பழைய கணினியின் வன்தட்டு உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றையும் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது. மூன்றாவது கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதுவரை அந்தத் தட்டை யாரிடமும் கொடுத்து அழித்துவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் | கடலூர் | திங்கள், இரவு 11.20

நானும் இதையே கேட்க வந்தேன். கூடவே இன்னொன்று: அந்த ஆறு பாடல்களில் உண்மையில் எத்தனை பிளகின்கள் பயன்பட்டிருக்கின்றன? நானூறையும் மீட்பது ஒரு வேலை, ஆறு பாடல்களை மீட்பது வேறு வேலை. தேருக்கு முன் உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது மட்டுமே.

உப்புக்காற்று | தேவனாம்பட்டினம் | செவ்வாய், காலை 6.15

நண்பரே, உரிமத்தைத் தாங்கும் யூஎஸ்பி சாவியான டாங்கிளை முதலில் பாருங்கள். ஐலாக் என்ற பாதுகாப்பு முறை வழியாக உரிமம் தரும் பிளகின்களில், பொருளைப் பொறுத்து, உரிமத்தை யூஎஸ்பி டாங்கிளிலோ கணினியிலோ மேகக் கணக்கிலோ வைத்துக்கொள்ளலாம். டாங்கிளில் வைத்திருந்தால் கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஒரு தனித் துன்பம் உண்டு. உப்புக்காற்றில் அதன் உலோக முனை பச்சை பூத்துவிடும், பிறகு கணினி அதை அடையாளம் காணாது. இரண்டு வாரங்கள் நான் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் முனையைத் துடைத்ததும் எல்லாம் திரும்பி வந்ததைக் கண்ணால் கண்டவன். டாங்கிளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

மூத்த ஒலிப்பொறியாளர் | முத்தியால்பேட்டை | செவ்வாய், காலை 9.30

1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கியூபேஸ் என்ற பதிவு மென்பொருளுடன் விஎஸ்டி என்ற பிளகின் வடிவத்தை அறிமுகப்படுத்திய காலத்திலேயே நான் இத்தொழிலில் இருந்தேன் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். நானூறு பிளகின் வைத்திருக்கும் ஒருவர் தம்மிடம் இருக்கும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஸர் ஒன்றையாவது முழுமையாகக் கற்றிருக்க வாய்ப்பில்லை. நவம்பர் மாதத் தள்ளுபடியில் எதையெல்லாம் கண்டார்களோ அதையெல்லாம் வாங்குவதும், பிறகு எதை வாங்கினோம் என்று ஊரைக் கேட்பதும் இளையவர்களிடம் வழக்கமாகிவிட்டது. நான் பதினோரு பிளகின்களில் வேலை செய்கிறேன், எனக்குப் பட்டியல் தேவைப்பட்டதில்லை. பதிவு மென்பொருள் ரீப்பரோ கியூபேஸோ, அதனுடன் வரும், தாழ்ந்த உயர்ந்த ஒலிகளின் அளவைச் சரிசெய்யும் ஈக்யூவையும் கம்ப்ரஸரையும் கொண்டு ஆறு பாடல்களையும் புதிதாகவே மிக்ஸ் செய்யுங்கள், தம்பி.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் | கடலூர் | செவ்வாய், காலை 10.10

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் குரலும் நாதசுவரமும் பதிவாகி, மிக்ஸ் பாதியில் நிற்கும் ஆறு பாடல்களைத் தேர் நெருங்கும் வேளையில் அடியிலிருந்து தொடங்கச் சொல்வது உதவியாகாது. தம்புராவையும் தந்திக் கருவிகளையும் மென்பொருள் கருவிகளில் வாசித்திருந்தால், அந்தக் கருவி இல்லாமல் அந்த ட்ராக்கில் சத்தமே வராது. அதை ஈக்யூவால் ஈடுசெய்ய முடியாது.

அரியாங்குப்பம் ஒலிக்கூடம் | புதுச்சேரி | செவ்வாய், பிற்பகல் 2.45

மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். ரீப்பர், விண்டோஸ் 11. மின்னழுத்தம் திடீரென்று ஏறியதில் மதர்போர்டு போய்விட்டது. வன்தட்டு நன்றாக இருக்கிறது, வெளியில் இணைத்தால் படிக்கிறது. டாங்கிள் எதுவும் என்னிடம் இல்லை. பழைய தட்டில் பிளகின்கள் இருந்த விஎஸ்டி3 கோப்புறையை அப்படியே புதிய கணினிக்கு நகலெடுத்தேன். சில திறக்கின்றன, பல திறக்கவில்லை.

கெடிலக்கரை | கடலூர் | செவ்வாய், மாலை 6.30

தட்டு படிக்கிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. நீங்கள் தேடும் பட்டியலை ரீப்பர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. பழைய தட்டில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், ரீப்பர் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை என்பதால் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டும்படி முதலில் மாற்ற வேண்டும். அங்கே ‘ரீப்பர்-விஎஸ்டிபிளகின்ஸ்64’ என்ற ஐஎன்ஐ கோப்பு (அமைப்புகளை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) இருக்கும். பழைய கணினி கடைசியாகத் தேடிக் கண்டுபிடித்த பிளகின்கள் ஒவ்வொன்றின் கோப்புப் பெயரும் முழுப் பெயரும் அதில் வரிவரியாக நிற்கும். இடையில் வரும் எண்களைப் பொருட்படுத்த வேண்டாம். இசைக்கருவி வகையாக இருந்தால் வரியின் முடிவில் மூன்று வியப்புக்குறிகளும் விஎஸ்டிஐ என்ற எழுத்துகளும் இருக்கும். எது கருவி, எது எஃபெக்ட் என்று பிரிக்க அதுவே போதும்.

இனி, மிருதங்கம் அவர்கள் கேட்ட கேள்வி. ரீப்பரின் பாடல் கோப்பான ஆர்பிபி வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேட் பிளஸ் பிளஸ் மென்பொருளில் கோப்புகளுக்குள் தேடும் வசதியைத் திறந்து, பாடல்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டி, இடப்பக்கக் கோணக் குறியையும் அதையொட்டி விஎஸ்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் தேடச் சொல்லுங்கள். எந்தப் பாடலில் எந்தப் பிளகின், அது பழைய வடிவமான விஎஸ்டி2 ஆகவா புதிய வடிவமான விஎஸ்டி3 ஆகவா ஏற்றப்பட்டது என்பது வரை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். என் பழைய பாடல்களில் இதைச் செய்து பார்த்தபோது, நான் பெரிதாக நினைத்திருந்த தொகுப்பில் பெரும்பகுதி எந்தப் பாடலிலும் இல்லை என்று தெரிந்தது.

கோப்புகளை நகலெடுத்தும் பல திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. சிறிய இலவசப் பிளகின்கள் அந்த ஒரு கோப்பிலேயே முழுமையாக இருப்பதால் திறந்துவிடும். மற்றவை தங்கள் மாதிரி ஒலிகளையும் பிரீசெட்டுகள் எனும் முன்னமைவுகளையும் உரிமத் தகவலையும் வேறு இடங்களில் வைத்திருக்கும், சிலவற்றுக்கு விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவும் வேண்டும். ஆகவே நகலெடுத்தவற்றை நீக்கிவிட்டு, முறையான நிறுவியைக் கொண்டு ஒவ்வொன்றாக நிறுவுங்கள். மதர்போர்டு மாறினால் பல நிறுவனங்கள் அதைப் புதிய கணினியாகவே கணக்கிடும். பழைய கணினி உயிரோடு இல்லாததால் அதில் இருந்த உரிமத்தை நீங்களே விடுவிக்க முடியாமல் போகலாம். அப்படிப்பட்டவற்றுக்கு இன்றே அந்தந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், பதில் வரச் சில நாட்கள் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. பிளகின் இல்லாவிட்டாலும் அதன் அமைப்புகளை ரீப்பர் பாடல் கோப்பிலேயே காத்து வைக்கும், பிளகினை நிறுவித் திறந்தால் நீங்கள் விட்ட இடத்தில் எல்லாம் நிற்கும். பதற்றத்தில் அந்த வெற்று இடங்களை ட்ராக்கிலிருந்து அழித்துச் சேமித்துவிட்டால் அமைப்புகளும் போய்விடும். ஆறு கோப்புகளையும் முதலில் வேறு பெயரில் நகலெடுங்கள்.

மூத்த ஒலிப்பொறியாளர் | முத்தியால்பேட்டை | செவ்வாய், இரவு 8.15

கெடிலக்கரை சொன்னதில் தவறில்லை. ஆனால் விஎஸ்டி2 பிளகின்களை மீண்டும் நிறுவுவதை நான் ஏற்க மாட்டேன். 2008இலேயே விஎஸ்டி3 வந்துவிட்டது. 2018 அக்டோபரில் விஎஸ்டி2 பிளகின்களை உருவாக்க உதவும் தொகுப்பை வழங்குவதை ஸ்டைன்பெர்க் நிறுத்தியது. 2022இல் தன் மென்பொருள்களிலிருந்தும் அதன் ஆதரவைப் படிப்படியாக விலக்கப்போவதாக அறிவித்தது. இறந்துகொண்டிருக்கும் வடிவத்தைப் புதிய கணினியில் ஏற்றுவது, பழைய வீட்டின் கரையானைப் புது வீட்டுக்குக் கொண்டுபோவதற்குச் சமம்.

வில்லியனூர் விசைப்பலகை | புதுச்சேரி | செவ்வாய், இரவு 8.50

ஐயா, ரீப்பர் இன்றும் விஎஸ்டி2வைத் திறக்கிறது. பழைய பாடலில் ஒரு பிளகின் விஎஸ்டி2 ஆகப் பதிவாகியிருந்தால், அதே பிளகினின் விஎஸ்டி3 பதிப்பு கணினியில் இருந்தாலும் பாடல் அதைத் தானாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. தயாரித்தவர் அதற்கென்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும். எனவே இந்த ஆறு பாடல்கள் முடியும்வரை விஎஸ்டி2 வேண்டும். புதிய பாடல்களுக்கு விஎஸ்டி3 மட்டும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கருத்தும் நிறைவேறும்.

மூத்த ஒலிப்பொறியாளர் | முத்தியால்பேட்டை | செவ்வாய், இரவு 9.05

இரண்டையும் நிறுவினால் ஒவ்வொன்றும் தேடல் பட்டியலில் இரண்டு முறை வரும். நானூறு எண்ணூறாகும். அவர் குழப்பத்திலிருந்து விடுபடத்தானே உதவி கேட்டார்? இதுபோன்ற இடைக்கால ஏற்பாடுகள் பத்தாண்டுகள் தங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கெடிலக்கரை | கடலூர் | செவ்வாய், இரவு 9.30

தங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது, ஐயா. பழைய 32 பிட் பிளகின்களை நானும் அப்படித்தான் விட்டுவைத்திருந்தேன். 2016இன் இறுதியில் கியூபேஸ் 9 அவற்றைக் கைவிட்டபோது என் பழைய பாடல்கள் ஊமையாகின. ஆனால் அதிலிருந்து நான் கற்றது, பழைய பிளகினை எறிவதற்கு முன் அதைப் பயன்படுத்திய ட்ராக்கை வேவ் கோப்பாக (பிளகின் இல்லாமலே ஒலிக்கும் ஒலிக்கோப்பாக) எடுத்து வைக்க வேண்டும் என்பதே. தம்பி, ஒவ்வொரு பாடலும் சரியாகத் திறந்த அன்றே எல்லா ட்ராக்குகளையும் தனித்தனி வேவ் கோப்புகளாக, எஃபெக்ட் சேர்ந்தும் சேராமலும், வெளியெடுத்து வையுங்கள். பிறகு எந்த வடிவம் இறந்தாலும் பாடல் பிழைத்திருக்கும்.

வில்லியனூர் விசைப்பலகை | புதுச்சேரி | செவ்வாய், இரவு 10.20

இனிவரும் காலத்துக்கான பட்டியல் குறித்து நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். ஆவுல்பிளக் என்ற இலவச, திறந்தமூல மென்பொருள் கணினியில் நிறுவியிருப்பவற்றைத் தேடிக் காட்டும். தொடக்கத்துக்கு அது நல்லது. ஆனால் நீங்கள் வாங்கி இன்னும் நிறுவாதது அதற்குத் தெரியாது, உரிமம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிளகினின் பெயர், நிறுவனம், பதிப்பு எண், வாங்கிய நாள், எந்த மின்னஞ்சல் கணக்கு, உரிமத்தின் வகை ஆகியவை அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தில் கைகொடுப்பது. ஃபேப்ஃபில்டர், யூ-ஹி போன்றவர்கள் எழுத்தாலான உரிமச் சாவி தருகிறார்கள், அதைப் பத்திரப்படுத்தினால் போதும். கணினியோடு பிணைக்கப்படுபவை வேறு, டாங்கிளில் இருப்பவை வேறு. கணினியோடு பிணைந்தவற்றை என் தாளில் சிவப்பு நிறத்தில் குறித்திருக்கிறேன். கணினியை மாற்றும் முன் அவற்றை மட்டும் விடுவித்தால் போதும்.

நிறுவியவற்றின் பெயர்களைத் தாளில் கொண்டுவர, விஎஸ்டி3 கோப்புறையில், கோப்புகளின் பெயரைப் பட்டியலிடும் டிஐஆர் என்ற விண்டோஸ் கட்டளையை இயக்கி எழுத்துக் கோப்பாகச் சேமிப்பவர்கள் உண்டு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில விஎஸ்டி3 பிளகின்கள் ஒற்றைக் கோப்பாக வரும், சில அதே பெயரில் ஒரு கோப்புறையாகவும் அதற்குள் மீண்டும் அதே பெயரில் கோப்பாகவும் வரும். எனவே எண்ணிக்கை கூடித் தெரியும். உங்கள் நானூறும் அப்படி வந்த எண்ணாக இருக்கலாம்.

உப்புக்காற்று | தேவனாம்பட்டினம் | புதன், காலை 6.00

டாங்கிள் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வெளியில் இணைத்திருக்கும் அந்தத் தட்டின் யூஎஸ்பி முனையும் இதே காற்றில்தான் இருக்கிறது. அது படிக்கும்போதே முழுவதையும் இன்னொரு தட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். மின்னழுத்தத்தால் ஒரு முறை அடிபட்டவர் யூபிஎஸ் இல்லாமல் புதிய கணினியை ஓட்ட வேண்டாம்.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் | கடலூர் | வெள்ளி, இரவு 9.40

அரியாங்குப்பம் நண்பரே, ஐஎன்ஐ கோப்பு கிடைத்ததா? மூன்று நாட்களாகத் தகவல் இல்லை.

அரியாங்குப்பம் ஒலிக்கூடம் | புதுச்சேரி | ஞாயிறு, இரவு 11.50

கிடைத்தது. கோப்பில் 371 வரிகள் இருந்தன. ஆறு பாடல்களிலும் சேர்த்துப் பயன்பட்டவை 23 பிளகின்கள்தான், அவற்றில் நான்கு விஎஸ்டி2. இருபதை மீண்டும் நிறுவிவிட்டேன், அமைப்புகள் அப்படியே வந்துவிட்டன. இரண்டுக்கு நிறுவனத்தின் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன். ஒன்று இப்போது எங்கும் கிடைக்கவில்லை. அது இரண்டாம் பாடலின் புல்லாங்குழல் என்பதால் புதன்கிழமை ஒரு கலைஞரை அழைத்து நேரில் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நான்கு பாடல்களின் வேவ் கோப்புகளை இரண்டு தட்டுகளில் எடுத்து வைத்தாயிற்று. தாள் தொடங்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி, வேலை இருக்கிறது.