இதயச் செயலிழப்பும் அறிதிறன் தடுமாற்றமும்: இதயத் தசைக்குள் செலுத்தும் ஜெல் மூளைக்கும் உதவுமா?

கேள்வி – இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 68 வயது. மாரடைப்புக்குப் பிறகு இதயச் செயலிழப்பு ஏற்பட்டு, தொடர்ந்து மாத்திரைகள் எடுத்துவருகிறார். அண்மையில் எடுத்த எக்கோவில் இ.எஃப். (இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றப்படும் பங்கு) 32 சதவீதம் என்று வந்தது. மூச்சிரைப்பும் கால் வீக்கமும் கட்டுக்குள் இருக்கின்றன. ஆனால், இப்போது வேறொரு மாற்றம் எங்களைக் கலங்க வைக்கிறது. இளமைக்கால நிகழ்ச்சிகளை ஆள் பெயரோடு சொல்பவர், மாத்திரைப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் வெகுநேரம் அமர்ந்திருக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் அவரால் பின்தொடர முடிவதில்லை.

இது வயதினால் வருவதா, இதயத்தினால் வருவதா? கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஜெல்லை இதயத் தசைக்குள் செலுத்தி அதை வலுப்படுத்தும் ஆராய்ச்சியைப் பற்றியும் படித்தேன். அப்படி இதயம் தேறினால் மனத்தெளிவும் திரும்புமா?

பதில் – செங்காந்தள் (இதயநோய் மருத்துவர்)

வணக்கம் அம்மா. நீங்கள் விவரித்திருப்பது இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுவதுதான். ஆனால், மருத்துவமனைகளில் அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இதயத்தின் இறைப்பு குறையும்போது உடல் மூளைக்கான இரத்த ஓட்டத்தைக் காப்பாற்றப் பெருமுயற்சி எடுக்கும். நோய் நீடிக்கும்போது அந்த ஈடுகட்டலும் தளர்கிறது. இத்தகையவர்களிடம் பழைய நினைவுகள் ஓரளவு நிலைத்திருக்க, கவனம், சிந்தனை வேகம், செயல்களை வரிசைப்படுத்தும் திறன் ஆகியவை முதலில் குறைவதைப் பார்க்கிறோம். உங்கள் தந்தை மாத்திரைப் பெட்டியின் முன் தடுமாறுவது அந்த வகையோடு பொருந்துகிறது.

ஆனால், இரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நீர் மாத்திரையால் இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சு நின்றுநின்று வருதல், மனச்சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் இதே தோற்றம் வரலாம். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை என்பதால்தான் அவற்றை முதலில் தேட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருந்தால், இதயத்தின் மேலறையில் உருவாகும் நுண்ணிய இரத்தக்கட்டிகள் மூளைக்குச் சென்று, எந்த அறிகுறியும் காட்டாமலேயே சிறுசிறு பகுதிகளைச் சேதப்படுத்துவதும் உண்டு. 30 மதிப்பெண்ணுக்கான மோகா என்னும் அறிதிறன் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பத்து நிமிட அளவில் முடிந்துவிடும் இந்தச் சோதனை, வரிசைப்படுத்தும் திறனையும் கவனத்தையும் அளக்கிறது. குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாகுபிட்ரில்-வால்சார்டன் என்னும் மருந்து, அல்சைமர் மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான நெப்ரிலைசினைத் தடுக்கிறது. எனவே அது மறதியை வளர்க்குமோ என்ற அச்சம் இருந்தது. 592 பேரை 3 ஆண்டுகள் பின்தொடர்ந்த பெர்ஸ்பெக்டிவ் ஆய்வில், வால்சார்டன் மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது அறிதிறனில் வேறுபாடு தென்படவில்லை. அதில் பங்கேற்றவர்களின் இ.எஃப். 40 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் உங்கள் தந்தையின் நிலைக்கு அது நேரடிச் சான்றாகாது. என்றாலும், அந்த அச்சத்தால் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பதில் – நெடுநீர் (உயிரிப்பொருள் ஆய்வாளர்)

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். இதயத் தசைச் செல்கள் புதிதாகத் தோன்றும் வேகம் மிகக் குறைவு. வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய கார்பன்-14-ஐக் கொண்டு 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதமும் 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவும் அவை புதுப்பிக்கப்படுவதாகக் கணித்தது. பெரிய மாரடைப்பில் இழக்கப்படும் செல்களோ நூறு கோடி வரை இருக்கக்கூடும். அந்த இடத்தை வடுத்திசு நிரப்புகிறது. சுவர் மெலிந்து அறை விரிகிறது. விரிந்த அறையின் மெல்லிய சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இழுவிசையைத் தாங்க வேண்டியிருப்பதால் மேலும் விரிகிறது. இந்தச் சுழலை உடைப்பதே ஜெல்லின் வேலை. சுவருக்கு உட்புறத்தில் தடிமன் கூட்டினால், ஒவ்வொரு தசைநாரின் மீதும் விழும் இழுவிசை குறையும் என்பதுதான் அடிப்படைக் கருத்து.

நீங்கள் படித்தது ஆல்ஜினேட்டாக இருக்கலாம். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இந்தச் சர்க்கரைச் சங்கிலிகள், கால்சியம் அயனிகள் இடையில் வந்து பிணைத்ததும் திரவ நிலையிலிருந்து ஜெல்லாக இறுகும். அதைச் சிதைக்கும் நொதி நம் உடலில் கிடையாது. ஆக்மென்ட்-எச்எஃப் ஆய்வில், மார்பின் பக்கவாட்டில் சிறிய அறுவைத் திறப்பு வழியாக இடது கீழறைச் சுவரின் நடுப்பகுதியில் வரிசையாக ஊசி போட்டு ஆல்ஜினேட்டைச் செலுத்தினார்கள். 78 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், உடற்பயிற்சியின் உச்சத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மேம்பட்டது. அறுவைச் சிகிச்சை என்பதால் அதற்குரிய அபாயமும் இருக்கிறது, எண்ணிக்கையும் சிறியது.

மாரடைப்பு நிகழ்ந்த சில நாட்களுக்குள், அறுவை இல்லாமல் இரத்தக்குழாய் வழியாகவே ஆல்ஜினேட் திரவத்தை அனுப்பி, சேதமடைந்த பகுதியில் கூடுதலாக உள்ள கால்சியத்தால் அங்கேயே இறுகச் செய்யும் முறையும் 303 பேரிடம் சோதிக்கப்பட்டது. கேட்க மிக அழகான திட்டம். ஆனால், இதய அறை விரிவதை அது தடுக்கவில்லை. விலங்குகளில் நன்றாக வேலை செய்த ஒன்று மனிதரிடம் பயன் தராமல் போவது எங்கள் துறையில் திரும்பத் திரும்ப நேர்கிறது, ஆகவே பத்திரிகைத் தலைப்புகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். பன்றி இதயத் தசையிலிருந்து செல்களை நீக்கி, எஞ்சிய புறச்செல் அணியை (செல்களைச் சூழ்ந்து தாங்கும் புரதச் சட்டகத்தை) ஜெல்லாக்கிய வென்ட்ரிஜெல், 15 பேரிடம் முதற்கட்டமாகப் பரிசோதிக்கப்பட்டு 2019-இல் முடிவு வெளியானது. அது முதன்மையாகப் பாதுகாப்பைப் பார்த்த ஆய்வு.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இந்த ஆய்வுகளின் முதன்மை அளவீடுகள் ஆக்சிஜன் பயன்பாடு, அறையின் கொள்ளளவு, பாதுகாப்பு ஆகியவையே, அறிதிறன் அல்ல. செயற்கை இதயத் துணைக்கருவி பொருத்தப்பட்டோரில் அல்லது மாற்று இதயம் பெற்றோரில் சிலருக்கு அறிதிறன் தேறியதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. அதனால் உங்கள் எதிர்பார்ப்பு அறிவியலுக்கு முரணானதல்ல. ஆனால், ஜெல்லுக்கு அந்தச் சான்று இல்லை. ஏற்கெனவே மூளையில் இறந்துபோன நரம்புச் செல்களை இதயத்தில் வைத்த ஜெல் மீட்டுத் தரவும் முடியாது. பங்கேற்பவர்களை ஆறு நிமிடம் நடக்கவைத்துத் தூரத்தை அளக்கும் நாம், பத்து நிமிடம் உட்காரவைத்து மோகா சோதனை செய்யாமல் விடுவதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

பதில் – மருதம் (இதயச் செயலிழப்புப் பிரிவுச் செவிலியர்)

மருத்துவர் சொன்னதோடு ஒரு நடைமுறைச் செய்தி. இத்தகையவர்களிடம் “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது” என்றே சொல்வார்கள், அதற்குப் பதிலாக, இன்று இரவு எந்த மாத்திரை என்று அவர்களையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காலை, மாலை எனத் தனித்தனி அறைகள் உள்ள பெட்டியில் வாரத்துக்கு ஒருமுறை நீங்களே நிரப்பிவையுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடையைக் குறித்துவர வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவரிடம் தெரிவிக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்வது நல்லது.

இளவேனில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற முறை இசிஜி எடுத்தபோது துடிப்பு ஒழுங்கில்லை என்று யாரோ சொன்னதாக நினைவு. அதற்கென்று தனி மருந்து எதுவும் தரப்படவில்லை. இதைக் கேட்க வேண்டுமா?

செங்காந்தள்

அவசியம் கேளுங்கள், இந்த வாரமே. அந்த இசிஜி தாளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அது மேலறை நடுக்கம் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலை) என்று உறுதியானால், 65 வயதைக் கடந்தவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், மாரடைப்பு வந்தவர் என்ற மூன்று காரணங்களால் அவருக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவைப்படும் வாய்ப்பு அதிகம். சிறுநீரகச் செயல்பாட்டையும் இரத்தக்கசிவு அபாயத்தையும் பார்த்துவிட்டுத்தான் மருந்தையும் அளவையும் முடிவு செய்வார்கள். இசிஜி இயல்பாக வந்தால், துடிப்பை நாள் முழுதும் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சோடியம், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் முடித்துவிடலாம்.