தண்ணீர் பில் திடீரென்று நாலு மடங்கு. கட்டிவிட்டுக் கேட்பதா, கேட்டுவிட்டுக் கட்டுவதா?

லயத்துப்பொண்ணு (பண்டாரவளை)

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் பண்டாரவளை டவுனுக்கு வாடகைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் தோட்டத்து லயத்தில்தான் இருந்தோம், அங்கே தண்ணீருக்கு பில் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மேலே காட்டுக்குள் இருக்கிற ஊற்றிலிருந்து பைப் வழியாக பீலிக்கு வரும், வந்தால் குடம் நிறையும், வராவிட்டால் யாராவது ஒரு அண்ணன் மேலே ஏறிப்போய் பைப் வாயில் அடைத்திருக்கிற இலையை எடுத்துவிட்டு அட்டைக்கடியோடு திரும்பி வருவார், அவ்வளவுதான் எங்கள் தண்ணீர்க் கணக்கு.

இங்கே மாதம் 1,500 ரூபா போல வந்துகொண்டிருந்தது. சரி, டவுன் என்றால் அப்படித்தான் என்று கட்டிவந்தோம். இந்த மாதம் மீட்டர் பார்க்கிறவர் வந்து துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அப்புறம்தான் பார்த்தேன், 6,400 சொச்சம். வீட்டில் நாங்கள் நாலு பேர், நான், அம்மா, இரண்டு பிள்ளைகள். என் கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். வாஷிங் மெஷின் கூடக் கிடையாது. அம்மா துண்டைப் பார்த்துவிட்டு "ஆறாயிரமா, இதுக்கு ஆத்தையே வாங்கிப் போடலாமே" என்கிறார்.

இன்னொன்று, பக்கத்து வீட்டு அக்காவின் தங்கை கொழும்பில் இருக்கிறாராம், அவருக்குக் கழிவுநீருக்கும் சேர்த்துக் காசு போடுகிறார்களாம். எங்களுக்கும் அப்படித்தான் போட்டுவிட்டார்களா? பில் வீட்டுக்கார ஐயாவின் பெயரில்தான் வருகிறது, அவரிடம் சொன்னால் "தண்ணி பாவிக்கிறது நீங்கதானே" என்கிறார். முதலில் கட்டவா, ஆபீஸுக்குப் போகவா? என் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும்.

எட்டாங்கட்டை

கட்டாதீங்க. கட்டினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நேராகப் போய் சத்தம் போடுங்கள்.

வோசர்பாஸ் (பதுளை)

எட்டாங்கட்டை தம்பி, உங்கள் பேச்சைக் கேட்டு அந்தப் பிள்ளை கட்டாமல் இருந்தால் அடுத்த மாதம் நிலுவையோடு சேர்ந்து வரும். 30 நாள் தாண்டினால் 2.5 சதவீதம் மேலதிகமாக ஏறும், 14 நாளுக்குள் கட்டினால் 1.5 சதவீதம் குறையும் என்று 2022இல் நீர் வழங்கல் சபை கொண்டுவந்தது. அதற்கும் மேலே போனால் பைப்பை வெட்டிவிட்டு, திரும்பப் போடுவதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். சத்தம் போடுவதற்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள், அதுதான் என் அறிவுரை. நான் முப்பது வருஷம் பைப் வேலை பார்த்தவன், "மீட்டர் பொய் சொல்கிறது" என்று கூப்பிட்ட வீடுகளில் பத்துக்கு எட்டில் பொய் சொன்னது கழிவறைக் கொமட்தான்.

தங்கச்சி, துண்டில் முன்னைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு என்று இரண்டு எண் இருக்கும். கழித்தால் வருவது யூனிட். ஒரு யூனிட் என்றால் 1,000 லீட்டர். அந்தத் தற்போதைய வாசிப்பை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டிக்குப் போய், கறுப்பு எண்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள் (சிவப்பை விட்டுவிடுங்கள், அது லீட்டர் கணக்கு). மீட்டரில் இருப்பது துண்டில் எழுதினதைவிடக் குறைவு என்றால் எழுதினவர் தவறாக எழுதிவிட்டார், அங்கேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு முடிந்தது. அதோடு, போன இரண்டு மூன்று மாதம் வீடு பூட்டியிருந்தோ நாய் இருந்தோ மீட்டரைப் பார்க்க முடியாமல் சராசரி போட்டிருந்தார்களா என்றும் பழைய துண்டுகளில் பாருங்கள். அப்படிச் சராசரியில் குறைத்துப் போட்டது, உண்மையான வாசிப்பு எடுக்கிற மாதம் மொத்தமாக வந்து தலையில் விழும்.

இரண்டும் இல்லையென்றால் இரவு எல்லாரும் படுத்த பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டோர்ச் அடித்து மீட்டரைப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு பல்சக்கரம், பூ மாதிரி இருக்கும். அது சுற்றினால் தண்ணீர் எங்கோ போகிறது. கூரையில் தாங்கி இருந்தால் அது நிரம்பி நின்ற பிறகு பாருங்கள், இல்லாவிட்டால் தாங்கி நிரம்புகிற தண்ணீரையே லீக் என்று நினைத்துவிடுவீர்கள்.

லயத்துப்பொண்ணு

நன்றி அண்ணே. பார்த்தேன். முன்னையது 412, இப்போது 449, ஆக 37 யூனிட், 32 நாளுக்கு. மீட்டரில் 452 இருக்கிறது, எழுதினது சரிதான் போல. பழைய துண்டுகளில் 13, 14, 14 என்றுதான் இருக்கிறது, சராசரி ஒன்றும் போடவில்லை. இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன், அந்தப் பூ சுற்றுகிறது. வேகமாக இல்லை, மெதுவாக, ஆனால் நிற்கவே இல்லை. எந்தக் குழாயும் ஒழுகவில்லை, சுவரிலும் ஈரம் இல்லை, முற்றமும் காய்ந்துதான் கிடக்கிறது. ஆனால் 14 யூனிட்டுக்கு 1,500 என்றால் 37க்கு நாலாயிரம்தானே வரவேண்டும்? ஆறாயிரத்து நானூறு எப்படி வந்தது?

வோசர்பாஸ்

நேர்க்கணக்குப் போடக்கூடாது. யூனிட் கூடக் கூடப் படிக்கட்டு மாதிரி ஏறும், மேல் படியில் இருக்கிற யூனிட்டுக்கு விலை கூட. மாதாந்த நிலையான கட்டணமும் அப்படித்தான், கூடப் பாவித்தால் அதுவும் ஏறும். அதற்கு மேலே வரி. அதனால் யூனிட் இரண்டரை மடங்கு ஆனால் காசு நாலு மடங்கு ஆகும்.

இப்போது லீக்கைக் கணக்குப் பார்ப்போம். வழக்கத்துக்கு மேலே 23 யூனிட். 23,000 லீட்டரை 32 நாளால் பிரித்தால் ஒரு நாளைக்கு 720 லீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மணிக்கு 30 லீட்டர் போல. அதாவது ஒரு லீட்டர் போத்தல் நிரம்ப இரண்டு நிமிஷம். சுண்டுவிரல் பருமன் கூட இல்லாத ஒழுக்கு. அது முற்றத்தில் போனால் தெரிந்திருக்கும். தெரியாமல் போகிற இடம் பெரும்பாலும் கொமட்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் கடையில் விற்கிற சாய மாத்திரை எல்லாம் வேண்டாம், நாம் மலைநாட்டுக்காரர்கள். டஸ்ட் தேயிலை போட்டு நல்ல கடுப்பாக ஒரு ஜக் சாயத்தண்ணி ஊற்றுங்கள், சீனி போடாமல், ஆறின பிறகு பிளஷ் டேங்க் மூடியைத் திறந்து அதற்குள் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் பண்ணக்கூடாது. அப்புறம் கீழே கொமட் தண்ணீரைப் பாருங்கள். நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் போய்விட்டது. நிறம் இறங்காவிட்டாலும் டேங்க் உள்ளே நிற்கிற குழாய்க்கு மேலால் தண்ணீர் வழிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள், மிதவை சரியாக மூடாவிட்டால் அதற்குள்ளாலே போய்க்கொண்டே இருக்கும்.

கன்னொறுவைக்காரன் (கண்டி)

கழிவுநீர் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கழிவு ரோட்டில் போகிற பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கட்டணம். வீட்டுக்குப் பின்னால் மலக்குழி இருந்தால் கிடையாது. கொழும்பில் வெள்ளைக்காரன் காலத்துக் குழாய்களே இருக்கின்றன. மலைநாட்டில் கண்டி நகருக்குத்தான் பெரிதாகச் செய்தார்கள், ஜப்பான் கடனுதவியில் குழாய் போட்டு கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். அதற்கு முன்னால் டவுன் அழுக்கு எல்லாம் மெத எல ஓடை வழியாக கெட்டம்பே பக்கம் மகாவலியில் போய் விழும், அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். நினைத்தால் தொண்டையில் இறங்காது. இணைப்பு இருக்கிற வீட்டுக்குப் பாவிக்கிற தண்ணீர் அளவை வைத்துத்தான் கழிவுநீர்க் கணக்கும் போடுவார்கள், எனவே கொமட் ஒழுகினால் இரண்டு பக்கமும் அடி.

மலக்குழிதான் என்றால், உங்களுக்கு அந்தக் காசு இல்லை என்று சந்தோஷப்படவும் வேண்டாம். 23,000 லீட்டரும் உங்கள் மலக்குழிக்குள்தான் போயிருக்கிறது, அதாவது ஆயிரம் லீட்டர் கறுப்புத் தாங்கி 23. குழி சீக்கிரம் நிரம்பும், குழி இறைக்கிற கலி பவுசருக்குக் காசு கட்டி வரிசையில் நிற்கவேண்டும். நம் பக்கம் வீடுகள் சரிவில் இருப்பதால் மேல் வீட்டுக் குழி பொங்கினால் கீழ் வீட்டுக் கிணற்றில்தான் போய் ஊறும். கீழே யாராவது கிணறு வைத்திருக்கிறார்களா பாருங்கள். பண்டாரவளைப் பக்கம் கிணறு என்றாலே நெஞ்சு பதறுகிற விஷயம், 2014 கடைசியில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் கசிந்து சுற்றுவட்டாரத்தில் எத்தனை கிணறு வற்றியது.

கண்டிக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், நகர எல்லைக்குள் தண்ணீர் பில் மாநகர சபைக்கு, வெளியே நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. போனில் கட்டும்போது எது என்று பார்த்துக் கட்டுங்கள்.

பீலிக்கரை (ஹப்புத்தளை)

போனில் கட்டுவது என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. நான் மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினேன், ஆனால் தண்ணீரை வெட்டுவோம் என்கிற சிவப்புத் துண்டு வந்தது. பார்த்தால் பழைய வாடகை வீட்டுக் கணக்கு எண் போனில் அப்படியே பதிந்து கிடக்கிறது, நான் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதம் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெயர் வீட்டுச் சொந்தக்காரருடையது என்பதால் திரையில் பெயர் வந்தும் கவனிக்கவில்லை. உங்கள் கணவர் கொழும்பிலிருந்து கட்டுகிறார் என்றால் துண்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், எண்ணை வாயால் சொல்லாதீர்கள். கட்டின ரசீதையும் அடுத்த பில்லில் வரவு விழுகிற வரை அழிக்க வேண்டாம். சூப்பர் மார்க்கட்டில், தபாற்கந்தோரில் கட்டினாலும் அப்படித்தான், அந்தத் துண்டு மை ஒரு மாதத்தில் மங்கிவிடும், படம் எடுத்துவிடுங்கள்.

கணக்கு இணைப்பின் மேல்தான், ஆளின் மேல் இல்லை. வாடகைக்கு வருகிறவர்கள் சாவி வாங்குகிற அன்றே மீட்டரைப் படம் எடுத்து, முன்னைய நிலுவை எவ்வளவு என்று துண்டில் பார்த்துவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சிங்களம் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் அரசகரும மொழிதான், பண்டாரவளைப் பிரிவை இருமொழி நிர்வாகப் பிரிவாக 1999இலேயே வர்த்தமானியில் போட்டாயிற்று. வாங்க மாட்டோம் என்றால் அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், உடனே வாங்குவார்கள். முதலில் சபையின் 1939 என்ற போன் எண்ணுக்கு அடித்து முறைப்பாட்டு எண் ஒன்று எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

லயத்துப்பொண்ணு

எல்லாருக்கும் பெரிய நன்றி. சனிக்கிழமை சாயத்தண்ணி ஊற்றினோம். அரை மணி நேரம் கூட வேண்டியிருக்கவில்லை, பத்து நிமிஷத்தில் சின்னவன் ஓடிவந்து "அம்மா, கொமட்ல பிளேன்டீ" என்று கத்துகிறான். பின்பக்கம் ஒரு கோடு மாதிரி பழுப்பாக இறங்கிக்கொண்டே இருந்தது, சத்தமே இல்லை. நானும் எட்டு மாதமாக அதைத் தினமும் கழுவுகிறேன், கண்ணில் படவே இல்லை.

பைப் வேலை பாஸ் ஒருவர் வந்து அடி ரப்பரைக் கழற்றிக் காட்டினார், ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டு போயிருந்தது. மாற்றினதற்குக் கூலியோடு 1,800. அன்றைக்கு இரவு மீட்டரைப் பார்த்தேன், பூ அசையவில்லை. அந்தக் குளிரில் பத்து நிமிஷம் டோர்ச்சோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். தமிழில் எழுதின கடிதம், ரப்பரின் படம், பாஸின் துண்டு, பழைய பில்கள் எல்லாம் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த ஐயா நல்லவர், அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் உள்ளே போய் ஒரு அக்காவைக் கூட்டிவந்தார். மீட்டருக்குள்ளால் போன தண்ணீர் போனதுதான், குறைப்பதாக வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கடிதத்தை எடுத்து முத்திரை குத்தி ஒரு பிரதி தந்தார், இப்போது பாதியைக் கட்டுங்கள், மீதியை இரண்டு தவணையில் கட்டலாம் என்றார். கட்டிவிட்டேன். வீட்டுக்கார ஐயாவிடம் ரப்பர் காசையாவது வாடகையில் கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், யோசிக்கிறேன் என்கிறார்.

கீழ் வீட்டில் கிணறு இருக்கிறது கன்னொறுவை அண்ணே. போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அவர்கள் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்களாம்.

வோசர்பாஸ்

ரப்பர் மாற்ற 1,800 கூட. அடுத்த முறை எனக்குச் சொல்லுங்கள்.

எட்டாங்கட்டை

நானும் எங்கள் வீட்டில் சாயத்தண்ணி ஊற்றிப் பார்த்தேன். இறங்குகிறது.