ராத்திரி சாப்பாடு குடுக்கப் போற பையன் ஆளே மாறிட்டான், நிறுத்தணுமா?

பெரம்பூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆறு மாசமா சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு பக்கம் பிளாட்ஃபார்ம்ல படுக்கறவங்களுக்கு சாப்பாடு குடுக்கப் போறான். மொதல்ல எனக்கு ரொம்ப சந்தோஷம், நானே லெமன் சாதம் கிளறி பொட்டலம் கட்டிக் குடுத்தேன். இப்போ என்னன்னா வீட்ல சரியா பேசறதில்ல, பொறந்தநாளுக்கு ஓட்டல் போலாம்னு அவங்கப்பா கூப்ட்டா வேணாம்னுட்டான், தட்டுல சோறு மீந்தா தங்கச்சிகிட்ட சண்ட. போன வாரம் நடு ராத்திரி மழை பேஞ்சுது, எழுந்து வந்து பாத்தா லைட் கூட போடாம ஜன்னல் கிட்ட நிக்கறான், என்னடான்னு கேட்டா "இந்நேரம் அந்தப் பாட்டி எங்க போயிருக்கும்மா"ன்றான். எனக்கு பதில் சொல்லத் தெரியல. படிப்பு கெட்டுடும் நிறுத்துன்னு அவங்கப்பா சொல்றார். இந்த மாதிரி போயிட்டு வந்தவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

நைட் ரவுண்ட்ஸ்:
அம்மா, பத்து வருஷம் முன்ன நானும் உங்க பையன் மாதிரிதான் இருந்தேன், அதனால சொல்றேன், பயப்படாதீங்க. போறதுக்கு முன்னாடி ரோட்ல படுக்கறவங்கன்னா வேலைக்குப் போகாதவங்க, குடிக்கறவங்கன்னுதான் நெனச்சிருந்தேன். நான் மொதல்ல பழகுனது ஒரு மீன்பாடி வண்டிக்கார அண்ணன்கிட்ட, பகல் பூரா சௌகார்பேட்டைல லோடு அடிப்பார், ராத்திரி அதே வண்டி மேல படுப்பார். ஏண்ணே ஒரு ரூம் எடுக்கலாமேன்னு வெவரம் இல்லாம கேட்டேன். பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க தம்பி, சேத்து வச்சா தூங்கறப்ப எவனாவது எடுத்துட்டுப் போயிடறான், எங்க வச்சு சேக்கறதுன்னார். அன்னிக்கு எங்க வீட்டு பீரோவப் பாத்தப்ப எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பூட்டி வைக்க ஒரு இடம் இருக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு அதுவரைக்கும் எனக்குத் தோணினதே இல்ல.

இன்னொரு அக்கா, சாப்பாட்ட வாங்கிக்கும், தண்ணி பாட்டில மட்டும் திருப்பிக் குடுத்துடும். ரொம்ப நாள் கழிச்சுதான் காரணம் தெரிஞ்சுது, தண்ணி குடிச்சா ராத்திரி பாத்ரூம் போகணும், இருட்டுல எங்க போறதுன்ற பயம். எனக்கும் ரெண்டு மூணு மாசம் எதுலயும் மனசு ஒட்டல, ஆனா அரியர் எதுவும் வைக்கல. அவன் பேசுனா உக்காந்து கேளுங்க, அது போதும்.

ஷெல்டர் அக்கா:
நான் வீடற்றவங்களுக்கான காப்பகத்துல வேலை பாக்கறேன். நிறுத்தச் சொல்லாதீங்க, ஆனா போற விதத்த மாத்தச் சொல்லுங்க. சனிக்கிழமை ஒரே தெருவுக்கு நாலு குரூப் பொட்டலத்தோட வரும், செவ்வாக்கிழமை ஒருத்தரும் வரமாட்டாங்க, மீந்த சாம்பார் சாதம் காலைல புளிச்சு ஓரமா கெடக்கும். ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருஷம் பூரா 24 மணி நேரமும் தெறந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லிடுச்சு. சென்னைல மாநகராட்சி காப்பகங்கள் இருக்கு, பெண்களுக்கு, ஆண்களுக்கு, பசங்களுக்குன்னு தனித்தனியா, ஆனா அப்படி ஒண்ணு இருக்கறதே ரோட்ல படுக்கற பலருக்குத் தெரியாது. மனநலம் சரியில்லாம சுத்தறவங்களக் கவனிக்க வேண்டிய பொறுப்பு அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷனுக்கு இருக்குன்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது, ஆனா கூட ஒரு ஆள் போய் நின்னாதான் வேலை நகரும்.

உங்க பையன் பத்து பேருக்கு சோறு குடுக்கறத விட ஒரு பாட்டியோட ஆதார், முதியோர் பென்ஷன் வேலைக்கு கூட அலையட்டும். 2023ல அத மாசம் 1200 ரூபாயா ஏத்துனாங்க. மூணு வாட்டி க்யூல நின்னு, நாளைக்கு வா, அட்ரஸ் ப்ரூஃப் எங்கன்னு ஆபீஸ்ல கேட்டாங்கன்னா அவனுக்கு நெறைய புரியும். இப்போ அவனுக்கு இருக்கறது தவிப்பு, செய்யறதுக்கு ஒரு வேலை கெடச்சா அது கொஞ்சம் அடங்கும். அப்புறம் போட்டோ மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லுங்க, தயவுசெஞ்சு.

வால்டாக்ஸ் பொண்ணு:
நான் அந்த ரோட்லயே பொறந்து வளந்தவ, எங்க ஆயாவும் அங்கதான். கடைங்க ஷட்டர் எறக்குன அப்புறம்தான் பாய் விரிப்போம், தெறக்கறதுக்குள்ள சுருட்டிடணும், நான் அப்படியேதான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன். நாங்க அடுப்பு மூட்டி சோறு ஆக்கிட்டிருப்போம், வண்டி வந்து நின்னு பொட்டலத்த கைல திணிச்சு மொபைல நீட்டுவாங்க. மறுநாள் ஸ்கூல்ல யாராவது அந்தப் படத்தப் பாத்துருப்பாங்களோன்னு வயிறு கலங்கும். ஆனா ஒரு காலேஜ் அக்கா மட்டும் வெறும் கையோட வரும், தெரு லைட்டு கீழ எங்கூட உக்காந்து கணக்கு சொல்லிக் குடுக்கும், எங்கம்மா போடற டீய குடிக்கும். எங்க வீட்டு டீய குடிச்சது அந்த அக்கா ஒண்ணுதான். இப்போ நான் வேலைக்குப் போறேன், வாடகை வீட்ல இருக்கேன், இன்னும் அந்த அக்காவுக்கு போன் பண்ணுவேன். உங்க பையன் அந்தப் பாட்டி பேரு கேட்டானா? கேக்கச் சொல்லுங்கம்மா.

பெரம்பூர் அம்மா:
எல்லாரும் எழுதுனத அவங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் சொல்லல, ஆனா நிறுத்துன்ற பேச்ச எடுக்கல. வால்டாக்ஸ் பொண்ணு, உன் பதிவப் படிச்சு அழுதுட்டேன்மா. பையன் செவ்வாக்கிழமை பொட்டலம் இல்லாம தனியா போயிட்டு வந்தான். பாட்டி பேரு கேட்டிருக்கான், எங்க மாமியார் பேரேதானாம். மழையன்னிக்கு ஒரு கடை வாசப்படில ஒதுங்கி, பையில இருக்கற அட்டைங்க நனையக்கூடாதுன்னு வயித்தோட அணைச்சுக்கிட்டு விடியற வரைக்கும் குந்திட்டு இருந்துச்சாம். அதுல ஒரு பழைய ரேஷன் கார்டும் இருக்காம், ஷெல்டர் அக்கா, பென்ஷனுக்கு அது உதவுமா? கெட்டியான பிளாஸ்டிக் கவர் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன், சனிக்கிழமை நானும் கூட போறேன்.