கலைச்சொல் உதவி: போலிப்பெட்டையா, தாவுமேடையா?

வணக்கம்.

பொலிக்குதிரைகளிடம் விந்து சேகரிக்கும் பணியாளர்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொலிகாளை என்ற சொல் வழக்கில் இருப்பதால் 'பொலிக்குதிரை'யில் சிக்கல் இல்லை. குதிரை தாவுவதற்காக வைக்கிறோமே, மெத்தை சுற்றிய உருளை, அதற்குத்தான் சொல் தேடுகிறேன். டம்மி, ஃபேன்டம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 'போலிப்பெட்டை' என்று எழுதி வைத்திருக்கிறேன். கயிறு பிடிப்பவருக்கு 'அடக்குநர்'. இரண்டும் சரிதானா?

---

> போலிப்பெட்டை

வேண்டாம் ஐயா. "பொலியைப் போலிக்குக் கொண்டு வா" என்று கொட்டகையில் ஒருவர் கத்தினால் என்ன ஆகும்? குதிரை கனைத்துக்கொண்டிருக்கும் சத்தத்தில் குறிலும் நெடிலும் யார் காதில் விழும்? போதாக்குறைக்கு அந்தப் பொருள் பெட்டையைப் போல இருப்பதும் இல்லை; தலை, வால் எதுவும் கிடையாது. பழகிய குதிரை பக்கத்தில் பெட்டையே இல்லாமல்கூட அதன்மேல் தாவிவிடும். எனவே செயலை வைத்துப் பெயரிடலாம். சினைப்பருவ அறிகுறிகளைச் சொல்லும்போது 'மற்ற மாடுகள் மேல் தாவும்' என்றுதானே எழுதுகிறோம்? 'தாவுமேடை' என் பரிந்துரை.

> அடக்குநர்

இதை நான் கடுமையாக மறுக்கிறேன். அடக்குவது அவர் வேலை இல்லை. தாவ வரும் குதிரையைச் சங்கிலியால் சுண்டிச் சுண்டி இழுத்தால் ஒன்று அதற்கு ஆர்வமே போய்விடும், அல்லது ஆளைக் கடிக்கத் திரும்பும். அதற்காக விட்டுப்பிடிக்கவும் முடியாது. அவர் இடத் தோளருகே நிற்க வேண்டும். நேர் முன்னால் நின்றால் முன்னங்கால் வீச்சு தலையில் விழும். குதிரை பின்னங்காலில் எழும்பினால் கயிற்றைத் தளரவிட்டு ஒதுங்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. விந்தைச் சேகரிக்கும் செயற்கைப் புணர்குழாயைப் பிடிப்பவரும் அதே இடப்பக்கத்தில்தான் நிற்பார். ஏதாவது தகராறு என்றால் தலையைத் தங்கள் பக்கம் இழுத்தால் போதும், பின்பாகம் மறுபக்கம் விலகிவிடும். ஆளுக்கொரு பக்கம் நின்றால் ஒருவரைக் காப்பாற்றும் இழுப்பே மற்றவரை உதைக்கு முன்னால் நிறுத்தும். 'நடத்துநர்' பொருந்தும், ஆனால் அவர் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார். 'கயிற்றாள்', 'குழாயாள்' என்று வைத்தால் என்ன?

---

கயிற்றாள், குழாயாள் எனக்குச் சம்மதம். தாவுமேடை மட்டும் இடிக்கிறது. மேடை என்றால் ஏறி நிற்கும் இடம். குதிரையோ முன்னங்கால்களை இருபுறமும் போட்டு அணைத்துக்கொள்கிறது, பின்னங்கால்கள் தரையில்தான். நம்மிடம் 'திண்டு' என்ற நல்ல சொல் இருக்கிறதே: தாவுதிண்டு. மெத்தை இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. உறை கிழிந்த திண்டில் மார்பும் தொடையும் உராய்ந்து வலித்தால் அடுத்த முறை அந்தக் குதிரை முரண்டு பிடிக்கும். உயரத்தைக் குதிரைக்கு ஏற்ப மாற்றுவது, வழுக்காத தரை, தலைக்கவசம் எல்லாம் கையேட்டில் தனியாக வரட்டும்.

---

தாவுதிண்டு அருமை! எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. விந்து வெளிவரும்போது வால் மேலும் கீழும் சீராக அசையுமே, அதற்கு 'வாலாட்டம்' போதுமா?

---

வாலாட்டம் என்றால் நாய் நினைவுக்கு வரும். 'வால்துடிப்பு' எனலாம். ஆனால் வாலை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். சில குதிரைகள் இறங்கும் முன்பும் வாலை அசைக்கும். குழாயாள் குறியின் அடிப்புறத்தில் கைவைத்து, சிறுநீர்த்தாரையில் அலை அலையாக வரும் துடிப்பையும் பார்க்க வேண்டும். குழாயின் உள்வெப்பம் 44 முதல் 48 டிகிரி செல்சியஸ் என்பதையும் அங்கேயே போட்டுவிடுங்கள். சூடு கூடினால் விந்தணு கெடும், குதிரையும் துள்ளி இறங்கும். அப்போது கயிற்றாள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது முக்கியம்.