உதவி தேவை: ஆசிரியர் இணை மேற்கோள் வரைபடத்தில் ஒரே அறிஞர் மூன்று இடத்தில் நிற்கிறார்

காவேரிக்கரை (கேள்வி):

வணக்கம். நூலக அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தகவல் அறிவியல் துறையில் ஒரே கட்டுரையில் எந்த ஆசிரியரை எந்த ஆசிரியரோடு சேர்த்து மேற்கோள் காட்டுகிறார்கள் (இணை மேற்கோள்) என்று எண்ணி, அதை வரைபடமாக்குவதுதான் மூன்றாவது இயல். 12 இதழ்களின் கட்டுரைகளை ஒரு மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து இறக்கி விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் போட்டேன். ஒரு ஆசிரியருக்கு ஒரு வட்டம் வர வேண்டும். படம் அழகாக வந்தது, ஆனால் நம்ப முடியவில்லை.

மேற்கோள் ஆய்வின் முன்னோடி டெரக் டி சொல்லா பிரைஸ் மூன்று வட்டமாக, மூன்று கிளஸ்டரில் (நெருக்கமானவர்களின் குழு) இருக்கிறார். நம் எஸ்.ஆர். ரங்கநாதன் இரண்டு வட்டம். 1981இல் ஹோவர்ட் வைட்டும் பெல்வர் கிரிஃபித்தும் சேர்ந்துதான் இந்த முறையையே கொண்டுவந்தார்கள். அந்த கிரிஃபித் என் படத்தில் ஒரு புள்ளி. வைட் சமூகவியல்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

குறைந்தபட்ச மேற்கோள் எண்ணிக்கையை 20இலிருந்து 50 ஆக்கிப் பார்த்தேன். பிரைஸின் சின்ன வட்டங்கள் மறைந்தன. ஆனால் அந்த மேற்கோள்களும் சேர்ந்தே போய்விட்டன. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் பியர்சன் ஒட்டுறவும் (இருவரின் எண் வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) போட்டேன். அட்டவணையின் மூலைவிட்டத்தில், அதாவது ஒரு ஆசிரியர் தன்னையே சந்திக்கும் கட்டத்தில், என்ன எண் இடுகிறேனோ அதற்கேற்ப விடை மாறுகிறது. எங்கே பிசகியது?

பழைய நூலகர்:

அம்மா, மென்பொருளைத் தொடாதீர்கள். பிசகு பெயரில் இருக்கிறது. பிரைஸின் குடும்பப்பெயர் வெறும் பிரைஸா, டி சொல்லா பிரைஸா என்று எழுதுகிறவர்களிடையே ஒருமை கிடையாது. பிரைஸ் டி.ஜே., பிரைஸ் டி.ஜே.டி., டி சொல்லா பிரைஸ் டி. என்று பல விதமாக வரும். கணினிக்கு எழுத்து மாறினால் ஆளே வேறு.

பெயர் மாற்றுக் கோப்பு ஒன்று வேண்டும். சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். டேப் இட்டுப் பிரித்த இரண்டு பத்தி, முதல் வரியில் 'லேபிள்', 'ரீப்ளேஸ் பை' என்ற தலைப்புகள். இடப்பக்கம் நீங்கள் இறக்கிய தரவில் உள்ள வடிவம், வலப்பக்கம் நீங்கள் வைத்துக்கொள்ளும் வடிவம். ஏற்கெனவே ஏதாவது கோப்பு சேர்த்தீர்களா? வைட் இடம் மாறியது அதனால் இருக்கலாம்.

ரங்கநாதனைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு எஸ் என்பது சீர்காழி, அதாவது ஷியாளி. ஆர் என்பது தந்தை ராமாமிர்தம். ஊரும் தந்தையும் முன்னால், சொந்தப் பெயர் கடைசியில். அது மேல்நாட்டு முறைக்கு தற்செயலாகப் பொருந்திப் போனதால் அவர் பெரிதாகச் சிதறவில்லை. ஒற்றை இனிஷியலும் பரவலான பெயரும் உள்ள நம்மவர்கள் பாடுதான் கஷ்டம். 'குமார் எஸ்.' என்ற ஒரே வட்டத்துக்குள் எத்தனை பேர் அடைந்து கிடக்கிறார்கள் என்று மேற்கோள் வரியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

காவேரிக்கரை:

ஆமாம் சார், சீனியர் ஒருவர் வேறு தலைப்புக்காகச் செய்த கோப்பைச் சேர்த்திருந்தேன். இப்போதுதான் திறந்து பார்க்கிறேன். அதில் 'வைட் எச்.சி.', 'வைட் எச்.டி.' இரண்டையும் 'வைட் எச்.' என்று மாற்றச் சொல்லியிருக்கிறது!

வலைமுடிச்சு:

அதுதான் காரணம். எச்.சி. என்பவர் ஹாரிசன் வைட், சமூக வலையமைப்பு ஆய்வில் பெரிய பெயர். எச்.டி. உங்கள் ஹோவர்ட். இருவரையும் ஒன்றாக்கினால் பாதி மேற்கோள் சமூகவியல் பக்கம் இழுக்கத்தானே செய்யும். ஒருவரைப் பலராகப் பிரித்தால் படம் மெலிகிறது, அவ்வளவுதான். பலரை ஒருவராக்கினால் இல்லாத உறவு முளைக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது 'துறைகளை இணைக்கும் பாலம்' போலத் தெரியும், நாமும் அதை விளக்கி இரண்டு பக்கம் எழுதிவிடுவோம்.

கிரிஃபித் விஷயம் வேறு. அச்சில் வந்த மேற்கோள் அட்டவணைக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம்: மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைக்கு முதல் ஆசிரியர் பெயர் மட்டும். 1981 கட்டுரை வைட் பெயரில் போகும். ஹென்றி ஸ்மாலும் கிரிஃபித்தும் 1974இல் எழுதியது ஸ்மால் பெயரில் போகும். கிரிஃபித் மறைவது உங்கள் தவறு இல்லை.

எல்லா ஆசிரியரையும் எண்ணலாமே என்றால், ஸ்கோபஸ் போல எல்லாப் பெயரும் தரும் தரவு வேண்டும். அங்கே இன்னொரு சிக்கல்: ஒரே கட்டுரையைச் சேர்ந்து எழுதியவர்கள் ஒவ்வொரு மேற்கோளிலும் தானாகவே இணைகிறார்கள். கருத்து நெருக்கத்தைப் பார்க்க வந்த இடத்தில் கூட்டுப்படைப்பு நுழைந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் ஆசிரியரோடு நின்று, அந்தக் குறையை முறையியல் பகுதியில் வெளிப்படையாக எழுதுவேன்.

காவேரிக்கரை:

புரிகிறது. ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' சிலரிடம் 1931, சிலரிடம் 1957 என்று வருகிறது. அதையும் ஒன்றாக்க வேண்டுமா? அப்புறம் பியர்சன்?

வலைமுடிச்சு:

ஆசிரியர் வரைபடத்துக்குப் பதிப்பு ஆண்டு தேவையில்லை. இங்கே 'ஆசிரியர்' என்றால் ஆள் இல்லை, அவர் எழுதிய எல்லாவற்றின் தொகுப்பு. ஸ்மால் 1973இல் சொன்ன கட்டுரை அளவிலான இணை மேற்கோள் செய்தால்தான் பதிப்புகளைச் சேர்க்க வேண்டும்.

பியர்சனை விடுங்கள். வைட்டும் கிரிஃபித்தும் மூலைவிட்டத்துக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: அந்த ஆசிரியரின் மிகப் பெரிய மூன்று இணை மேற்கோள் எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது. அது ஒரு ஏற்பாடுதான், விதி இல்லை. பிறகு 2003இல் ஆல்கிரென், யார்னெவிங், ரூசோ மூவரும் ஒரு ஆட்சேபம் எழுப்பினார்கள்: ஒப்பிடும் இருவரோடும் தொடர்பே இல்லாத ஆசிரியர்களைப் பட்டியலில் சேர்த்து பூச்சியங்களைக் கூட்டினால் பியர்சன் மதிப்பு மாறுகிறது, கொசைன் என்ற இன்னொரு ஒப்புமை அளவு மாறுவதில்லை. நடைமுறையில் வரைபடம் அவ்வளவாக மாறாது என்று வைட் பதில் எழுதினார். இரண்டையும் படித்துவிட்டு கைடிடம் பேசுங்கள். ஆனால் விஓஎஸ்வியூவர் தன் போக்கில் 'அசோசியேஷன் ஸ்ட்ரெங்த்' கணக்கிடுகிறது: இணை மேற்கோள் எண்ணை இருவரின் மொத்தங்களின் பெருக்கலால் வகுப்பது. அதில் மூலைவிட்டச் சிக்கலே இல்லை. ஒரே இயலில் பியர்சனையும் இதையும் கலக்க வேண்டாம்.

காவேரிக்கரை:

இரண்டு நாள் உட்கார்ந்து 340 வரியில் புதிய கோப்பு செய்தேன். பிரைஸ் இப்போது ஒரே வட்டம், மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய கார்ஃபீல்டுக்குப் பக்கத்தில். ஹோவர்ட் வைட் மேற்கோள் ஆய்வுக்காரர்களிடம் திரும்பிவிட்டார். ஜெரார்ட் சால்டனும் தகவல் மீட்பு ஆட்களும் எதிர்ப்பக்கம். வைட்டும் கேதரின் மெக்கெய்னும் 1998இல் 120 ஆசிரியர்களை வைத்து வரைந்த படத்திலும் இந்த இரண்டு முகாம்தான். ஒன்றுதான் இடிக்கிறது: மறுபடி ஓட்டியபோது சால்டன் இடமிருந்து வலம் போய்விட்டார்.

பழைய நூலகர்:

அது பிழையே இல்லை அம்மா. இந்தப் படத்துக்கு இடம் வலம், மேல் கீழ் கிடையாது. யார் யாருக்குப் பக்கம் என்பது மட்டும்தான் பொருள். படத்தைத் திருப்பவும் புரட்டவும் மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. எல்லாப் படத்தையும் ஒரே வாட்டத்தில் வைத்து அச்சிடுங்கள். அந்த 340 வரிக் கோப்பைப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். 'பிரைஸ் டி.' என்று மொட்டையாக உள்ள வரிகளை மட்டும் ஒருமுறை தலைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் வேறு பிரைஸ் இருக்கலாம்.

காவேரிக்கரை:

பார்த்தேன் சார். ஆறு வரி வேறு ஆளுடையது. எடுத்துவிட்டேன்.